கேமிங் பிசியை ஊருக்குக் காட்டும் முன் பின்பக்கத் தகட்டைக் கழற்றுங்கள்

சொந்தமாக அசெம்பிள் செய்த கேமிங் பிசியைப் படம் பிடித்துக் காட்டுகிறவர்கள் எல்லாரும் கண்ணாடிப் பக்கத்தைத்தான் காட்டுகிறார்கள். ஃபேன் மின்னுகிறது, ரேம் மின்னுகிறது, சிலர் வீட்டில் மேஜைக்கு அடியில்கூட மின்னுகிறது. நல்லதுதான். ஆனால் எதிர்ப்பக்கத் தகட்டையும் கழற்றி, கேபிள் போன வழியை ஒரு படம் சேர்த்துப் போடுகிறவர் யாரோ, அவருடைய பிசியைத்தான் நான் நின்று பார்ப்பேன்.

நான் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். பகலில் முகூர்த்தக் காட்சிக்குக் கலர் திருத்துகிற அதே பிசிதான் ராத்திரி கேமுக்கு. ரைசன் 5 5600 ப்ராசஸர், மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவில் ஒரு பி550 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி), முன்பக்கம் வலை போட்ட கறுப்பு கேபினெட். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் இதைவிட விலை கூடின பிசியை அசெம்பிள் செய்து தருவார்கள். இருந்தாலும் வீட்டுக்கு வருகிற பையன்கள் இதைத்தான் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எப்படிச் செய்வது என்று கேட்கிற எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

கேபிள்

மதர்போர்டைத் திருகுவதற்கு முன்பே தொடங்குகிற வேலை இது. ப்ராசஸருக்குப் போகும் 8 பின் (8 ஊசி) கேபிளை மேல் இடது மூலை ஓட்டை வழியாக முதலில் இழுத்து வைத்துவிடுங்கள். போர்டை முடுக்கி, கூலரையும் மாட்டிவிட்டால் அந்த மூலைக்குள் விரல் போகாது. கடையில் கட்டிக் கொடுத்த பல பிசிகளில் இந்த ஒரு கேபிள் மட்டும் போர்டின் மேலேயே குறுக்காக ஓடும். காரணம் அவசரம்தான்.

அடுத்தது 24 பின் கேபிள். இருப்பதிலேயே தடிமனானது, வளையாதது. போர்டுக்குப் பின்னால் உள்ள இடைவெளி பல கேபினெட்டுகளில் இரண்டு சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். இந்த ஒரு கேபிளே அதில் முக்கால்வாசியைத் தின்றுவிடும். அதனால் இதன் பாதையை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவை எல்லாம் இதற்குப் பக்கத்தில் படுக்க வேண்டுமே தவிர, மேலே ஏறிப் படுக்கக் கூடாது. ஏறினால் தகடு மூடாது. முழங்காலால் அழுத்தி மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி மூடிய தகடு நடுவில் புடைத்துக்கொண்டு நிற்பது படத்திலும் தெரியும்.

முன்பக்க யுஎஸ்பி 3.0 கேபிளின் கொண்டையைச் சாய்த்துச் செருகாதீர்கள். போர்டில் இருக்கும் 19 ஊசிகளில் ஒன்று மடங்கினாலும் முன்பக்கப் போர்ட் போச்சு. ஆடியோ கேபிள் கீழ் இடது மூலைக்குப் போகும். அது நீளம் போதாமல் இழுபடும் என்பதால், கட்டும்போது அதற்குக் குறுக்கு வழியை விட்டுவையுங்கள்.

கட்டுவதற்குப் பிளாஸ்டிக் டேக் வேண்டாம். நாளைக்கு ஒரு எஸ்எஸ்டி கூடுதலாக மாட்ட நினைத்தால் எல்லாவற்றையும் வெட்ட வேண்டிவரும். வெட்டும் கத்தரிக்கோல் ஃபேன் ஒயரையும் சேர்த்து வெட்டும். தையல் சாமான் கடையில் வெல்க்ரோ மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் கடையில் பாக்கெட் போட்டு விற்பதும் இதே சாமான்தான். விரலளவு நீளத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். முதலில் எல்லா இடத்திலும் தளர்வாகக் கட்டி, பிசி ஓடுகிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள்.

துணி உறை போட்ட கலர் கேபிள்கள் படத்தில் நன்றாக இருக்கும் என்பது உண்மை. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எக்ஸ்டென்ஷன்: இருக்கிற கேபிளின் நுனியில் செருகி நீட்டிக்கொள்வது. ஆபத்தில்லை, ஆனால் பின்னால் கூடுதலாக 30 செ.மீ. கேபிளைச் சுருட்டி ஒளிக்க வேண்டும். இடைவெளி குறைந்த கேபினெட்டில் இது பெரிய தலைவலி. மற்றது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கிளம்பும் முழுக் கேபிளையே மாற்றுவது. இங்கேதான் கவனம். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்த ஊசிக்கு எந்த வோல்ட் என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். செருகி அழகாகப் பொருந்தும், ஆன் செய்தவுடன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போகும். உங்கள் மாடலுக்கென்றே விற்கும் கேபிள் இல்லையென்றால் எக்ஸ்டென்ஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரிய கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் அதன் 16 பின் கரண்ட் செருகி உருகிய படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. செருகி முழுதாக உள்ளே போகாததுதான் பெரும்பாலும் காரணம் என்று என்விடியா சொன்னது. அழகுக்காகக் கேபிளைச் செருகியை ஒட்டியே மடக்காதீர்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக வந்த பிறகு வளையட்டும். கண்ணாடி இடித்தால் அகலமான கேபினெட் வாங்குவதுதான் வழி.

தெரிந்தவன் கண்ணில் படுவது

படத்தைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர்கள் விளக்கைப் பார்க்க மாட்டார்கள். ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். நான்கு ஸ்லாட்டில் இரண்டு ரேம் என்றால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். முதல் இரண்டிலோ கடைசி இரண்டிலோ பக்கத்துப் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில், அதாவது ப்ராசஸருக்குப் போகும் ஒரே பாதையில் ஓடும். பயாஸில் (பிசியின் அடிப்படை செட்டிங் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதில் எழுதிய வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யாமல் விட்டால் 3200 என்று வேகம் எழுதிய ரேம் 2133லோ 2400லோ 2666லோ ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டிப் பார்க்காமலே ‘3200’ என்று எழுதிப் போடுகிறவர்கள் ஏராளம்.

மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும், மதர்போர்டில் அல்ல. என்னுடைய 5600இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதால் தப்பான இடத்தில் செருகினால் திரையே வராது. 5600ஜி போன்றவற்றில் படம் வரும், ஆனால் காசு கொடுத்து வாங்கிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். அப்புறம் நொடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸில் 60லேயே விட்டிருப்பது, கார்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காதது, கார்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நிற்பது. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சின்ன முட்டு போதும்.

ஃபேன் திசையையும் பாருங்கள். குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். முன்னால் இரண்டு உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. நம் ஊர் வெயிலுக்கு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விளக்கு

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், எனக்கு இதில் பெரிய ஆசை இல்லை. விளக்குச் செருகியில் 3 ஊசி உள்ளது 5 வோல்ட், ஒவ்வொரு பல்புக்கும் தனி நிறம் வரும். 4 ஊசி உள்ளது 12 வோல்ட், எல்லாம் ஒரே நிறம். 5 வோல்ட் விளக்குப் பட்டையை 12 வோல்ட்டில் செருகினால் பட்டை கருகிவிடும். நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம், அதில் ஒன்று வெள்ளையாக இருக்கட்டும். வெளிச்சத்தைக் கால்வாசிக்குக் குறையுங்கள். நேரில் மங்கலாகத் தெரியும், படத்தில் சரியாக வரும்.

கண்ணாடி

இன்றைய கேபினெட்டுகளின் பக்கக் கண்ணாடி டெம்பர்டு வகை. மேல்பரப்பு இறுகி அழுந்தியும், உள்பகுதி இழுபட்டும் நிற்கும்படி செய்தது. நடுவில் குத்தினால் தாங்கும். ஓரத்தில் சிறு சில்லுப் பெயர்ந்தால் போதும், மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். அந்தச் சில்லைப் பெயர்க்க நம் வீட்டுத் தரை டைல்ஸைவிடச் சிறந்த ஆயுதம் இல்லை. தூக்கிப் போட வேண்டியதில்லை, மெதுவாகச் சாய்த்து வைத்தாலே சில நேரம் போதும். கழற்றியவுடன் கட்டிலில் மெத்தை மேல் படுக்க வையுங்கள்.

துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் நேராக அடிக்காதீர்கள். வழிந்து உள்ளே போகும். தூசுக்குப் ப்ளோயர் வைக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்ற விடாதீர்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கத்தான் செய்வோம். கண்ணாடிக்கு மேலே இருக்கும் சட்டத்தில் வையுங்கள். வலை மேல் விபூதி பூசினால் முன்ஃபேன் அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் அம்மாவிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல், பூஜை முடியும்வரை மெஷினை ஆஃப் செய்து வைப்பதே வழக்கமாகிவிட்டது.

படம்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டுவேன். கல்யாண வீட்டில் பட்டுப்புடவைச் சரிகை மேல் நேராக ஃப்ளாஷ் அடித்தால் சரிகை வெள்ளைத் திட்டாகிவிடும், சுற்றியுள்ள நிறமெல்லாம் செத்துப்போகும். கண்ணாடிப் பெட்டிக்கும் அதே கதைதான். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். டியூப் லைட்டையும்.

சாயங்காலம், வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது எடுப்பது உத்தமம். ஜன்னல் பிசிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். எதிரே இருந்தால் கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் கேபினெட்டின் கறுப்பு ஓரங்கள் இருட்டில் மறையாமல் வடிவம் தெரியும்.

போனில் ப்ரோ மோடுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் கால் நொடி, வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) 4500 கெல்வினுக்கு அருகில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் நீல விளக்கைப் பார்த்து போன் தானே மஞ்சளைக் கூட்டும், சுவர் காமாலை பிடித்தது போல் வரும். வேகமான ஷட்டர் இங்கே ஆகாது. இந்தச் சின்ன எல்இடிகள் அணைந்து அணைந்துதான் எரிகின்றன, வேகமாக எடுத்தால் படத்தில் கோடு கோடாக விழும். மெதுவான ஷட்டரில் கோடும் போகும், சுழலும் ஃபேனும் வழவழப்பான வட்டமாக வரும். போனை ஸ்டாண்டில் வைத்து டைமர் போட்டு எடுங்கள்.

லென்ஸ் உயரம் கேபினெட்டின் நடுவுக்கு நேராக. நின்றபடி மேலிருந்து எடுத்தால் பெட்டி கீழே குறுகிக் கூம்பாகத் தெரியும். அகல லென்ஸ் வேண்டாம். ஐந்தாறு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கண்ணாடியில் உங்கள் உருவம் விழுந்தால் கறுப்புப் போர்வையைப் போனுக்குப் பின்னால் கொடியில் தொங்கவிட்டு, லென்ஸ் போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விடுங்கள். உள்ளே நெருக்கமாக எடுக்க வேண்டிய படங்களுக்குக் கண்ணாடியையே கழற்றிவிடுவது நல்லது. வீட்டுக்கு வந்தவர்கள் இதை மோசடி என்றார்கள். நகைக்கடை விளம்பரத்துக்குப் பெட்டியோடா படம் எடுக்கிறார்கள்?

மானிட்டர் வெளிச்சத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் படத்தில் அது மட்டும்தான் தெரியும். போடுவதற்கு முன் பெரிதாக்கிப் பாருங்கள்: கார்டின் சீரியல் நம்பர், விண்டோஸ் கீ ஒட்டிய ஸ்டிக்கர், மேஜையில் கிடக்கும் பில், வீட்டு முகவரி. இவை எதுவும் இருக்கக் கூடாது.

கூட எழுத வேண்டியவை

பாகங்களின் பெயர், வாங்கிய மாதம், கொடுத்த விலை. பழைய சாமான் என்றால் பழையது என்றே எழுதுங்கள். பயன்படுத்திய கார்டை நல்ல விலைக்குத் தேடிப் பிடித்ததில் பெருமைதான் உண்டு. வெப்பநிலை எழுதினால் அறையின் வெப்பத்தையும் எழுத வேண்டும். ஏசி ஓடும் அறையில் 65 டிகிரி என்பதும், சித்திரை மாதம் மின்விசிறிக்குக் கீழே 75 என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்து வைத்து, அரை மணி நேரம் கேம் ஓடவிட்டு, அதில் வரும் உச்ச அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நேரில் கொண்டுபோவதென்றால்

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிற பழக்கம் இப்படி நெட்டில் போட்டோ போடுவதற்கு முந்தியது. ஸ்வீடனில் ட்ரீம்ஹேக் 1994இலும் அமெரிக்காவின் டெக்சஸில் க்வேக்கான் 1996இலும் தொடங்கின. ஆளுக்கொரு பெட்டியைச் சுமந்து வந்து ஒரே நெட்வொர்க்கில் சேர்ந்து விளையாடினார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவன் பெட்டியைவிட நம்முடையது நன்றாக இருக்க வேண்டும் என்று தகட்டை வெட்டி அக்ரிலிக் ஜன்னல் வைத்ததும், உள்ளே நியான் நிறத்தில் குழல்விளக்கு மாட்டியதும் அந்தக் காலத்து வேலை. நாம் நண்பன் வீட்டு மாடிக்குக் கொண்டுபோனாலும் விதி ஒன்றுதான்.

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனி டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். வேகத்தடையில் ஆடுகிற ஒரு கிலோ கார்டு மதர்போர்டு ஸ்லாட்டைப் பிளந்துவிடும். கேபினெட்டை, கண்ணாடி மேலே பார்க்கும்படி, கார் பின்சீட்டில் போர்வை விரித்துப் படுக்க வையுங்கள். ஸ்கூட்டி கால்வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று யோசிக்கவே வேண்டாம்.

போன இடத்தில் முதல் வேலை, பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது. எர்த் இல்லாத இடத்தில் கேபினெட் தகட்டைத் தொட்டால் சுரீரென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி வழியாக வருகிற கசிவு அது. மூன்றாவது ஊசியை உடைத்த பிளக்கோடு யாராவது எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நீட்டினால் வாங்காதீர்கள். உங்களுடையதையே எடுத்துச் செல்லுங்கள். அதோடு ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், திருகு டப்பா, நீளமான எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று. பெரும்பாலும் ஹாலில் சுவரில் மாட்டியிருக்கும் டிவிதான் மானிட்டர். அதன் போர்ட் எப்போதும் கைக்கு எட்டாத பக்கத்தில்தான் இருக்கும்.