கனடாவின் எண்ணெய் மணல்: இருப்புக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் எண்ணெய்த் தொழில் மையமான ஜூரோங் தீவில் வேலை பார்ப்பவர்களும் எண்ணெய்ப் பங்குகளில் பணம் போடுபவர்களும் அடிக்கடி சொல்வது, "கனடாவில் மணலிலேயே எண்ணெய் கொட்டிக் கிடக்கிறதாம்." உண்மைதான். ஆனால் கிடப்பதையெல்லாம் இருப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

ஆல்பர்ட்டா மாநில மணலில் புதைந்திருக்கும் பிட்டுமின், அதாவது தார் போன்ற கெட்டி எண்ணெய், ஏறக்குறைய 1.8 டிரில்லியன் பீப்பாய். இன்றைய நுட்பத்தில், கட்டுப்படியாகும் செலவில் எடுக்கக்கூடியது அதில் பத்தில் ஒரு பங்குதான். இருப்பு என்பது அந்தச் சிறிய எண். விலை விழுந்தால் அதுவும் சுருங்கும். 2016இல் விலை சரிந்தபோது, அங்குள்ள கேர்ள் சுரங்கத்தின் சுமார் 3.5 பில்லியன் பீப்பாயை எக்ஸான்மொபில் நிறுவனம் தன் உறுதியான இருப்பிலிருந்து நீக்க வேண்டிவந்தது. மணல் அங்கேயேதான் இருந்தது.

'உறுதியான' இருப்பு என்றால் அந்த அளவாவது கிடைக்க 90 விழுக்காடு வாய்ப்பு. அநேகமாகக் கிடைக்கக்கூடியதையும் கூட்டினால் அந்த வாய்ப்பு 50 விழுக்காடுதான். நிறுவனம் எந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தனி வல்லுநரின் அறிக்கை இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

இருப்பை ஆண்டு உற்பத்தியால் வகுத்து "இன்னும் இத்தனை வருடம் வரும்" என்று சொல்வதும் வேண்டாம். இரண்டு எண்களுமே மாறுபவை.

அடுத்து, எல்லாவற்றையும் லாரியில் அள்ளிவிடலாம் என்ற நினைப்பு. அப்படித் தோண்டி, வெந்நீரில் கலக்கிப் பிரிக்கக்கூடியது இருப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு பீப்பாய்க்கு இரண்டு டன் மணல் வேண்டும். மற்றது ஆழத்தில் இருக்கிறது. அங்கே சுமார் 5 மீட்டர் இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்றாக, படுக்கைவாக்கில் இரண்டு கிணறுகள் போடுகிறார்கள். மேல் கிணறு வழியாக நீராவி செலுத்தினால், இளகிய பிட்டுமின் கீழ்க் கிணற்றில் வடியும். நடுவே களிப்பாறை அடுக்கு குறுக்கிட்டால் ஆவி மேலே பரவாது. அதற்கு மேலுள்ள பிட்டுமின் அப்படியே தங்கிவிடும். அதனால் ஒரு வயலில் கிடைத்த விழுக்காட்டைப் பக்கத்து வயலுக்குப் போடாதீர்கள். நீராவிக்காக எரிக்கும் எரிவாயுவின் செலவையும் கணக்கில் சேருங்கள். நல்ல மணலிலேயே ஒரு பீப்பாய் பிட்டுமினுக்கு இரண்டு மூன்று பீப்பாய் தண்ணீரை ஆவியாக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் விலை. பலர் இருப்பை பிரெண்ட் விலையால், அதாவது லேசான கச்சா எண்ணெய்க்கான உலக அளவுகோல் விலையால், பெருக்கிவிடுகிறார்கள். பிட்டுமின் கெட்டியானது, லேசான எண்ணெய் கலந்தால்தான் குழாயில் ஓடும். கனரக எண்ணெயைச் சுத்திகரிக்கத் தனி வசதியும் தேவை. ஆகவே அது தள்ளுபடியில்தான் விற்கும். ஆல்பர்ட்டாவிலிருந்து பசிபிக் கரைக்குச் செல்லும் டிரான்ஸ் மவுண்டன் குழாயின் விரிவாக்கம் 2024 மே மாதம் இயங்கத் தொடங்கியபின் ஆசியாவுக்கும் அதிகக் கப்பல்கள் வருகின்றன; தள்ளுபடி குறைந்திருக்கிறதே தவிர, மறையவில்லை.