பட்டாசுச் சத்தத்தில் கூண்டுப் பறவை மிரளாமல் இருக்க

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே லவ் பேர்ட்ஸ், காக்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) கூண்டை பால்கனியிலிருந்து எடுத்து, தெருப்பக்கம் ஜன்னல் இல்லாத உள்ளறையில் சுவரோரமாக வையுங்கள். மூன்று பக்கம் கெட்டியான பருத்திப் போர்வை. முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். ராத்திரி ஜீரோ வாட் பல்பை மட்டும் அணைக்கவே அணைக்காதீர்கள்.

வெடிச் சத்தத்தோடு திடீர் வெளிச்சமும் சேர்ந்துதான் பறவையை மிரட்டுகிறது. கும்மிருட்டில் மிரண்டால் உட்காரும் கம்பு கண்ணுக்குத் தெரியாமல் கம்பியில் மோதிக்கொண்டே இருக்கும். காக்டீல் இதில் ரொம்ப மோசம். முளைத்துவரும் புது இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடும், அது ஒடிந்தால் சொட்டுச் சொட்டாக வடியும். அதனால் ஊஞ்சல், கண்ணாடி, மணி எல்லாவற்றையும் அன்றைக்குக் கழற்றிவிடுங்கள். டேபிள் ஃபேனை, காற்று கூண்டின் மேல் படாமல் ஓடவிட்டால், அந்த ஒரே சீரான இரைச்சல் வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும்.

காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்தாலும் சென்னையில் நடுராத்திரி வரை வெடிக்கும். பல்பு விடியும்வரை எரியட்டும்.

முட்டையிட வைத்த பானையில் முட்டையோ குஞ்சோ இருந்தால் கூண்டை நகர்த்தாதீர்கள், இருக்கும் இடத்திலேயே மறையுங்கள். போர்வையைக் கண்டாலே பதறும் பறவைக்கு ஜன்னல் திரை மட்டும் போதும். அறைக்குள் புகை வந்துவிட்டால் போர்வையால் பயனில்லை. பறவையின் நுரையீரல் புகையைத் தாங்காது, உடனே வேறு அறைக்கு மாற்றுங்கள்.