திரை கறுத்து நின்றுபோகிறதா? கார்டைக் கழற்றிப் பாருங்கள்

கேம் விளையாடும்போது திரை கறுத்து, கம்பியூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? புது கிராபிக்ஸ் கார்ட் வாங்க அவசரப்படாதீர்கள். திருகோணமலையில், அதுவும் உப்புவெளி, திருக்கடலூர் பக்கம் என்றால், எனக்கு முதல் சந்தேகம் உப்புக்காற்று மேல்தான்.

கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு கார்டை வெளியே எடுங்கள். ஸ்லொட் ஓரத்துச் சின்னப் பூட்டை அமத்தினால்தான் வரும், பிடுங்க வேண்டாம். தங்க நிறப் பற்கள் மங்கியிருந்தால் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டிக்' என்று கேட்கும்வரை திரும்பச் செருகுங்கள். கார்டுக்கு வரும் பவர் வயரும் தளர்ந்திருக்கலாம், அதையும் இறுக்குங்கள்.

சரிவரவில்லையா? சேஃப் மோடில் (கம்பியூட்டர் அடிப்படை வசதிகளோடு மட்டும் திறக்கும் முறை) பழைய டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, நீக்கிப் புதிதாகப் போடுங்கள். புரொசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால், கார்ட் இல்லாமல் மொனிட்டரை மதர்போர்டில் செருகி ஓடவிடுங்கள். அப்போதும் நின்றால் கார்ட் பாவம், பிழை அதில் இல்லை. ரேமையும் பவர் சப்ளையையும் பாருங்கள்.