நெல்லைச் சீமையில் சுவரோவியம் பார்க்க: எட்டுப் பேர், மூன்று நாள்

ஓவியம் பார்க்கும் பயணத்துக்கு ஆள் சேர்க்கும்போது வேனில் எத்தனை சீட் என்று கணக்குப் போடாதீர்கள். சுவருக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கலாம் என்று பாருங்கள். திருப்புடைமருதூர்ச் சிவன் கோயில் கோபுரத்துக்குள் நாலு பேர் ஒரு சுவரைப் பார்த்து நின்றால் ஐந்தாவது ஆளுக்கு முன்னவர் முதுகுதான் தரிசனம். அதனால் எட்டுப் பேர் போதும். நாலு நாலாக இரண்டு அணி, விளக்கம் சொல்ல ஒருவர். பன்னிரண்டு பேரைக் கூட்டிப் போனால் பாதிப் பேர் கீழே பிரகாரத்தில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பார்கள். மேலே போனவர்களையும் நிம்மதியாகப் பார்க்க விடமாட்டார்கள்.

முதல் நாள் திருப்புடைமருதூர். இரண்டாம் நாள் திருமலாபுரம் குடைவரையும் (பாறையைக் குடைந்த கோயில்) குற்றாலம் சித்திர சபையும். மூன்றாம் நாள் காலண்டர் ஓவியத்துக்காகக் கோவில்பட்டி, பிறகு கழுகுமலை. இதற்கு மேல் எதையும் திணிக்க வேண்டாம். கிருஷ்ணாபுரத்துச் சிலைகள் உலகத் தரம்தான், ஆனால் அது கல். அதற்குத் தனியாக ஒரு பயணம் போகலாம்.

மாதம் முக்கியம். ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது குற்றாலத்தில் வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடித்திருக்கும். மேகம் கவிந்தால் உள்ளே வெளிச்சமும் இராது. தை, மாசிதான் தோது. பிரதோஷம், பௌர்ணமி, அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். மார்கழித் திருவாதிரை குற்றாலத்தில் பெரிய நாள். சாமி கும்பிடப் போவதாக இருந்தால் போகலாம், படம் பார்க்க அல்ல.

அனுமதி விஷயத்தில்தான் பெரும்பாலான பயணம் கவிழ்கிறது. வாசலில் நிற்பவரிடம் வாயால் கேட்டு வாங்கிய சம்மதம், அன்றைக்கு அவர் லீவு போட்டால் செல்லாது. திருப்புடைமருதூரும் சித்திர சபையும் அறநிலையத் துறையின் கீழ் வருபவை. மூன்று வாரம் முன்னதாகச் செயல் அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். எட்டுப் பேர் பெயர், ஆதார் நகல், தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கோபுரத்தில் எந்த நிலை (மாடி) வரை ஏற வேண்டும், பிளாஷும் கேமரா ஸ்டாண்டும் கிடையாது என்ற உறுதி, எல்லாம் அதில் இருக்கட்டும். முத்திரை போட்ட நகலைக் கையோடு வாங்கி வையுங்கள். முந்தின நாள் மாலை, கோபுரச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவரிடமே பேசிவிடுங்கள். அலுவலகம் சரி என்று சொல்லியிருக்கும், சாவிக்காரர் கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். இது அடிக்கடி நடப்பதுதான். திருமலாபுரம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது; அதற்குத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். அணிக்கு இரண்டு டார்ச்; 200 லூமன் போதும், அதற்கு மேல் ஆகாது. டார்ச் முகத்தில் டிரேசிங் பேப்பரை இரண்டு மடிப்பாகக் கட்டிவிட்டால் வெளிச்சம் பரவலாக விழும், சுவரில் வெள்ளை வட்டம் அடிக்காது. எட்டு மடங்கு பைனாகுலர் இரண்டு, இரண்டு மீட்டர் தூரத்திலும் ஃபோகஸ் ஆகக்கூடியதாக இருக்க வேண்டும்; பறவை பார்க்கிறவர்கள் வைத்திருக்கும் பல பைனாகுலர்கள் இவ்வளவு கிட்டத்தில் மங்கிவிடும். ஆளுக்கு ஒரு ஏ5 நோட்டு, 2பி பென்சில். வாட்டர் கலரும் கரிக்கட்டியும் அறையிலேயே இருக்கட்டும். வௌவால் எச்சத்துக்கு முகக்கவசம். முதுகுப்பை கீழே. குறுகலான படியில் திரும்பும்போது அந்தப் பைதான் சுவரை உரசும்.

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகப் போய் வடக்கே திரும்பினால் திருப்புடைமருதூர். தாமிரபரணியும் கடனா நதியும் சேருமிடம். ஏழரை மணிக்குக் கோயிலில் இருக்க வேண்டும். உச்சிக்காலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். கரையோர மருத மரங்களுக்கு அடியில் நிற்க நேர்ந்தால் தலைக்குக் குடை பிடியுங்கள். ஊரே 2005 முதல் பறவைகள் பாதுகாப்புப் பகுதி. மேலே நாரைகள் குடும்பம் நடத்துகின்றன.

நறும்பூநாதரைக் கும்பிட்டுவிட்டுக் கோபுரம் ஏறலாம். ஐந்து நிலை. ஒவ்வொரு நிலையிலும் சுவரில் ஓவியம். தூணிலும் உத்தரத்திலும் மரச் சிற்பம். ஒரு நிலைக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒரு அணிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஏழே முக்காலுக்கு முதல் அணி ஏறினால் பத்துக்கு இறங்கும், அடுத்த அணி உச்சிக்குள் முடித்துவிடலாம். ஒருவர் ஏறி நின்ற பிறகே அடுத்தவர் படியில் கால் வைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டாம் நிலையோடு நிற்பது நல்லது. ஏறுவது கூடச் சமாளிக்கலாம், இறங்குவதுதான் கஷ்டம்.

உள்ளே போனதும் டார்ச் அடிக்காதீர்கள். மூன்று நிமிடம் சும்மா நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பிறகு முழுச் சுவரையும் ஒருமுறை பாருங்கள். ஓவியங்கள் பட்டை பட்டையாக ஓடும். ஒரே ஆள் ஒரே பட்டையில் மூன்று இடத்தில் நிற்பான்; அது மூன்று ஆள் இல்லை, கதையின் மூன்று கட்டம். இதைச் சொல்லாமல் விட்டால் புதிதாக வருபவர் கூட்டக் காட்சி என்று நினைத்துக் கடந்துவிடுவார். இராமாயணம், திருவிளையாடல் காட்சிகளை வீட்டுப் பெரியவர்களே அடையாளம் சொல்லிவிடுவார்கள். குதிரைகளை ஏற்றி வரும் கப்பலையும் போர்க் காட்சிகளையும் நிதானமாகப் பாருங்கள். 1532இல் விஜயநகர அரசர் அச்சுத தேவராயர் படைக்கும் திருவிதாங்கூர் அரசருக்கும் நடந்த தாமிரபரணிப் போர்தான் இது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. போர் எதுவானாலும் தொப்பியையும் தலைப்பாகையையும் தாடியையும் வைத்து யார் உள்ளூர்க்காரர், யார் கடல் தாண்டி வந்தவர் என்று நீங்களே பிரித்துப் பழகலாம்.

அடுத்து ஒரு கை அகலச் சதுரத்தை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு குதிரையின் கால், அல்லது ஒருவர் கை. சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் நிறம் தெரியும். சாய்த்து அடித்தால்தான் வேலை தெரியும். சுண்ணாம்புப் பூச்சின் மேடு பள்ளம், தூரிகை இழுத்த திசை, வண்ணம் செதில் செதிலாகக் கிளம்பும் இடம் எல்லாம் நிழலோடு எழுந்து வரும். இந்த மாதிரிச் சுவரில் வழக்கமான வரிசை இது: கரடான காரை, அதன் மேல் வழவழப்பான சுண்ணாம்பு, செங்காவியில் முதல் கோடு, வண்ண நிரப்பல், கடைசியில் கறுப்புக் கோடு. வண்ணம் உதிர்ந்த இடத்தில் அடியில் இருக்கும் செங்காவிக் கோடு எட்டிப் பார்க்கும். அது மேலே உள்ள கறுப்புக் கோட்டோடு பொருந்தாமல் விலகிப் போனால், அந்த இடத்தில் ஓவியர் மனசு மாறியிருக்கிறார் என்று அர்த்தம். அதைத்தான் நோட்டில் வரைய வேண்டும். முழு ஆளையும் வரைய முயன்றவர்கள் 25 நிமிடத்தில் மூக்கைக்கூட முடிக்கமாட்டார்கள்.

சுவரைத் தொடக்கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள்; ஏன் என்று சொன்னால்தான் கை நிற்கும். இந்த வண்ணம் பெரும்பாலும் காய்ந்த சுண்ணாம்பின் மேல் பசை சேர்த்துத் தீட்டியது. பசை வயசாகி விட்டுப்போன இடத்தில் வண்ணம் வெறும் தூளாக ஒட்டிக்கொண்டிருக்கும். விரல் பட்டால் விரலோடு வந்துவிடும். மழைநீர் கசிந்து, உள்ளிருக்கும் உப்பு வெளியே பூத்து நிற்கும் வெள்ளைப் படலத்தைத் தூசி என்று நினைத்துத் துண்டால் துடைப்பவர்களும் உண்டு. முந்தின நாள் சாயங்காலம் அல்வா சாப்பிட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவியாச்சா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நெய்க் கறை போகாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தென்காசி போய்த் தங்குங்கள். வழியில் பத்தமடைப் பாய் வாங்க ஆசைப்படுகிறவர்கள் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஊர் பின்னால் போய்விடும்.

இரண்டாம் நாள் காலையில் கடையநல்லூர்ப் பக்கம் திருமலாபுரம். பாண்டியர் காலக் குடைவரை. ஓவியம் விதானத்தில், துண்டு துணுக்காகத்தான் மிஞ்சியிருக்கிறது. இங்கே ஏமாற்றம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தரையில் துண்டை விரித்து மல்லாந்து படுத்து, பைனாகுலரால் பத்து நிமிடம் பார்த்தால் பூவும் உருவமும் மெல்ல மெல்லப் பிடிபடும். அண்ணாந்து நின்று பார்த்தால் கழுத்துதான் வலிக்கும்.

மாலையில் சித்திர சபை. குற்றாலநாதர் கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளித் தனியாகத் தெப்பக்குளத்தோடு இருக்கிறது. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் அந்தக் கூத்தன் சுவரோவியமாக நிற்பது இங்கே மட்டும்தான். பூசை நடக்கும் இடம், படம் எடுக்க விடமாட்டார்கள், செல்போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். கோபுரத்தில் பார்த்ததோடு ஒப்பிடுங்கள்: இங்கே உடம்பின் வளைவிலும் கிரீடத்தின் கனத்திலும் மலைக்கு மேற்கே உள்ள கேரள வாடை அடிக்கும். பின்னாளில் மேலே தீட்டிய இடங்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பழைய கோடு தொடக்கத்தில் மெலிந்து நடுவில் தடித்து முனையில் மறுபடி மெலியும். புதுக் கோடு கம்பி மாதிரி ஒரே கனத்தில் ஓடும், சில இடங்களில் பளபளக்கவும் செய்யும்.

மூன்றாம் நாள் கோவில்பட்டி. ஒரு ஓவியரின் தடம் பற்றிப் போவதென்றால் அது இங்கேதான்: சி. கொண்டையராஜு, 1898–1976. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்குச் சீன் திரை எழுதிப் பிழைத்து, கோவில்பட்டியில் நிலைத்தவர். அவரும் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலான சீடர்களும் எழுதிய சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போயின. இதற்கு மியூசியம் தேட வேண்டாம். பழைய பலசரக்குக் கடை, ஜவுளிக் கடை, கடலை மிட்டாய்க் கடைகளில் கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கும் லட்சுமியையும் முருகனையும் பாருங்கள். ஏதாவது வாங்கிவிட்டு, "அண்ணாச்சி, அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்ட பார்த்துக்கிடட்டுமா?" என்று கேட்டால் இறக்கிக்கூடக் காட்டுவார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து போங்கள். எட்டுப் பேர் மொத்தமாக நுழைந்தால் ரெய்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

படத்தின் கீழ் மூலையில் கையெழுத்துத் தேடுங்கள். பிறகு சாமியை விட்டுவிட்டுப் பின்னணியைப் பாருங்கள்: மலை, அருவி, தூண் வைத்த மண்டபம், எல்லாம் நாடகத் திரை போலத் தட்டையாகத் தொங்கும்; முன்னால் சாமி வேஷம் கட்டிய நடிகர் மாதிரி நேரே நம்மைப் பார்த்து நிற்கும். பத்து மடங்கு லென்ஸைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தால் கன்னத்துச் சிவப்பு அச்சுப் புள்ளிகளாகச் சிதறும். அந்தப் புள்ளிகள் மங்கலாக, மேலே இன்னொரு அடுக்குப் புள்ளியோடு தெரிந்தால், அச்சான படத்தைத் திரும்பப் படம் பிடித்து அச்சடித்த மறுபதிப்பு. வாங்குவதாக இருந்தால் இதைப் பார்த்து விலை பேசுங்கள். சட்டத்தோடு விற்றால் பின் அட்டையைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கறையான் முதலில் அங்கேதான் குடிவரும்.

வெயில் தாழ நாலு மணிக்குக் கழுகுமலைக்குக் கிளம்புங்கள், 20 கிலோமீட்டர் சொச்சம். அங்கே பாறை சுடும், காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் வெட்டிய வெட்டுவான் கோயிலை (இதுவும் கல்தான், ஆனால் பக்கத்திலேயே இருப்பதால் விட மனசு வராது) பார்த்துவிட்டு இருட்டுமுன் இறங்கினால், கோவில்பட்டி திரும்பி இராத்திரி ரயிலைப் பிடிக்க நேரம் தாராளமாக இருக்கும்.