சைக்கோவ்ஸ்கி வயலின் கான்செர்ட்டோ: ஆவர் வெட்டிய பார்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

வயலினுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான இந்தப் படைப்பின் கடைசி மூவ்மென்ட் (பகுதி) ஒத்திகை. நான் பறந்துகொண்டிருக்கிறேன், ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதிலாகப் பியானோவில் இருந்த தோழி ஒரு வரி பின்னால் வருகிறார். நிறுத்தினோம், மறுபடி தொடங்கினோம், அதே இடத்தில் மறுபடி பிரிந்தோம். இருவரும் வாசித்தது சரிதான். தாள்தான் வேறு.

சைக்கோவ்ஸ்கி இதை 1878-ல் எழுதி, லியோபோல்ட் ஆவர் என்ற வயலின் கலைஞருக்குச் சமர்ப்பித்தார். ஆவர் வாசிக்கவில்லை. 1881-ல் வியன்னாவில் முதலில் வாசித்தவர் அடோல்ஃப் பிராட்ஸ்கி. பிற்பாடு ஆவரே எடுத்துக்கொண்டு, வயலினுக்கு ஒத்துவராது என்று பட்ட இடங்களை மாற்றினார், கடைசி மூவ்மென்ட்டில் திரும்ப வருபவற்றை வெட்டினார். ஹைஃபெட்ஸ் போன்ற அவருடைய சீடர்கள் வழியே அது பரவியது.

படி 1: மூலத்தை ஒட்டிய பதிப்பு ஒன்று, ஆவர் பதிப்பு ஒன்று, பியானிஸ்ட்டின் தாள். மூன்றும் மேசைமேல் இருக்கட்டும்.

படி 2: மூன்றிலும் பார் எண் போடுங்கள் (பார் என்றால் தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட கட்டம்). 2பி பென்சில்தான், பேனா வேண்டவே வேண்டாம். என்னைக் கவிழ்த்தது இந்தப் படிதான். சில தாள்களில் வெட்டின் தொடக்கத்தில் பொடியாக 'வி' (Vi-) என்றும் முடிவில் 'டே' (-de) என்றும் இருக்கும். நான் அதை ஏதோ வில் குறிப்பு என்று தாண்டிப் போனேன். சில தாள்களில் அந்தக் குறிகூட இருக்காது. காதை நம்பாதீர்கள்: விடுபட்ட வரியும் அதற்கு முந்தையதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒன்று காணாமல் போனாலும் தெரியாது. எண்ணினால்தான் பிடிபடும்.

படி 3: வெட்டுவதா வேண்டாமா என்று பியானிஸ்ட்டோடு பேசி முடிவெடுங்கள். என் கட்சி, வெட்டக் கூடாது. நாட்டுப்புற ஆட்டம் போன்ற இசை அது, சொன்னதையே சொன்னால்தான் சூடு ஏறும். ஹைஃபெட்ஸ் 1957-ல் சிகாகோவில் நடத்துநர் ரைனரோடு பதிவுசெய்ததை ஆசைதீரக் கேளுங்கள், ஆனால் வெட்டாத முழு ஸ்கோரை (இசைத்தாளை) கையில் வைத்துக்கொண்டு வேண்டாம். குழம்பிப்போவீர்கள்.

படி 4: வெட்டுவதாக இருந்தால், அதற்கு முந்தைய இரண்டு பார், பிந்தைய இரண்டு பார், இந்த நான்கை மட்டும் மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) பாதி வேகத்தில் வைத்து இருபது தடவை. விரல் பழைய வழியிலேயே போகப் பார்க்கும்.

பிற்சேர்க்கை: மியூட்டை (வயலின் ஒலியை அடக்கும் சிறு கவ்வியை) எப்போது கழற்றுவது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது மூவ்மென்ட் மியூட்டோடு, மூன்றாவது இடைவெளியே இல்லாமல் தொடங்கிவிடும். உங்கள் பகுதி முடிந்து ஆர்கெஸ்ட்ரா தனியாக இருக்கும்போதே வேலையை முடித்துவிடுங்கள். குதிரைக்கு, அதாவது கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டுக்கு, பின்னால் கம்பியிலேயே தொங்கும் ரப்பர் மியூட் வாங்குங்கள். கழற்றி எடுக்கும் மர மியூட் ஒருமுறை என் சட்டைப் பையிலிருந்து விழுந்து பியானோவுக்கடியில் உருண்டுவிட்டது.