வாதநோய் ஆய்வில் விடுபடுவோரைச் சேர்ப்பது எப்படி: மும்பை ஆய்வாளர்களுக்கு

அமெரிக்காவில், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ் என்ற வாதநோய் கண்டவர்களில் ஏறத்தாழ 43 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஆனால் 1997 முதல் 2017 வரை நடந்த மருந்துச் சோதனைகளில் சேர்க்கப்பட்டவர்களில் அவர்கள் 14 சதவீதம் மட்டுமே. 2011-இல் பெலிமுமாப் மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தபோது, நோய் மிகக் கடுமையாகத் தாக்கும் கறுப்பினப் பெண்களுக்கு அது பயன்படுமா என்று சொல்லும் அளவுக்கு அவர்கள் ஆய்வில் இல்லை; அவர்களுக்கென்று இன்னொரு ஆய்வு நடத்த வேண்டியதாயிற்று. மாறாக, 2009-இல் வெளியான ஓர் ஆய்வு 370 பேரைப் பல நாடுகளிலிருந்து சேர்த்திருந்ததால், லூபஸ் சிறுநீரக அழற்சிக்கு மைக்கோபீனோலேட், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரு மருந்துகளும் மொத்தத்தில் சமமே என்றாலும், கறுப்பின, லத்தீன் அமெரிக்க நோயாளிகளுக்கு முன்னது கூடுதலாகக் கைகொடுத்தது என்பதைக் காண முடிந்தது.

மும்பையில் ஆய்வு தொடங்குவோர் முதலில் செய்ய வேண்டியது, அயல்நாட்டுப் படிவத்தில் வரும் 'இனம்' என்ற கட்டத்தோடு நின்றுவிடாமல் இருப்பது. தாராவித் தமிழரும் டோக்கியோ ஜப்பானியரும் அங்கே 'ஆசியர்' என்ற ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடுவார்கள். மருந்து நிறுவனம் கேட்டால் அதை நிரப்பிவிட்டு, அதன் கீழே தாய்மொழி, சொந்த மாவட்டம், படிப்பு, கூலி, மருத்துவமனைக்கு வந்துசேர ஆகும் நேரம், மூட்டு முதன்முதலில் வீங்கியதற்கும் வாதநோய் நிபுணரைப் பார்த்ததற்கும் இடையே கழிந்த மாதங்கள் ஆகியவற்றையும் பதியுங்கள். இவற்றுள் கடைசிக் கேள்வியை நான் எக்காரணம் கொண்டும் விடமாட்டேன். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும், தெருமுனை டாக்டரிடம் ஊசியும் வலிமாத்திரையும் வாங்கியே ஆண்டுகளைக் கழித்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாமதத்தைப் பதியாத ஆய்வு, 'இவர்களுக்கு நோய் இயல்பிலேயே கடுமை' என்று பழியை உடலின் மேல் போட்டுவிடும்.

ஆனால் உடல் வேறுபாடே கிடையாது என்பதும் தவறு. நோயெதிர்ப்பை அடக்கும் அசத்தியோபிரின் மருந்தைக் கொடுக்கும் முன் டிபிஎம்டி மரபணுவைச் சோதிப்பது மேலைநாட்டு வழக்கம். அதில் மாற்றம் இருந்தால் அம்மருந்து இரத்த வெள்ளணுக்களைச் சரித்துவிடக்கூடும். அந்த மாற்றம் இந்தியர்களிடம் குறைவு. நம்மவர்க்கு வெள்ளணுக்கள் சட்டென்று சரிவதற்குப் பெரும்பாலும் காரணமாவது, 2014-இல் கொரிய நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட நுட்15 என்ற வேறொரு மரபணுவின் மாற்றம். முதல் சோதனையை மட்டும் செய்துவிட்டு ஆபத்தில்லை என்று எழுதும் ஆய்வுத் திட்டம் இங்கே பொருந்தாது. லூபஸ் நோயாளிகளுக்குத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் அப்படித்தான். அம்மருந்தால் விழித்திரை பாதிக்கப்பட்ட ஆசிய வம்சாவளியினரில் பாதிப் பேருக்கு, அப்பாதிப்பு மையத்தை விட்டு விலகிய வளையத்தில் தொடங்கியதாக 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வெள்ளையரில் அது 2 சதவீதமே. ஆகவே பார்வையின் நடுப்பகுதி 10 டிகிரியை மட்டும் அளக்கும் சோதனையோடு நிறுத்தாமல், 24 அல்லது 30 டிகிரி வரை அளக்கத் திட்டத்திலேயே இடம் வையுங்கள். கருநிறத் தோலில் லூபஸ் தடிப்பு சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும் என்பதால், தடிப்பின் கடுமைக்கு மதிப்பெண் போடும் மருத்துவர்களுக்கு அத்தகைய தோலின் படங்களைக் கொண்டே பயிற்சி கொடுக்க வேண்டும்.

அடுத்து, யாரை விலக்குகிறீர்கள் என்று பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. லூபஸ் தாக்குவதும் பெரும்பாலும் அதே வயதுப் பெண்களைத்தான். எனவே ஹீமோகுளோபின் வரம்பை எங்கிருந்தோ நகலெடுத்து வைக்காமல், அந்த அளவு மருந்தின் பாதுகாப்புக்கு உண்மையிலேயே தேவையா என்று கேளுங்கள். உறங்குநிலைக் காசநோய் (கிருமி உடலில் இருந்தும் நோய் வெளிப்படாத நிலை) இருப்பவரை ஒரேயடியாகத் திருப்பி அனுப்பாமல், அதற்கான சிகிச்சைக்குப் பின் மீண்டும் பரிசீலிக்க ஒரு விதியை எழுதுங்கள்.

ஒப்புதல் படிவம் பங்கேற்பாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும், படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதும் இங்கே விதிகள். மும்பையில் மராத்தியும் இந்தியும் அச்சிட்டால் போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். தமிழில் அச்சிட்டாலும் வேலை முடிவதில்லை: நான் வேலை பார்த்த ஓர் ஆய்வில் 'சீரற்ற ஒதுக்கீடு' என்று எழுதியிருந்ததைப் படித்த அம்மா ஒருவர், "சீர் இல்லாத மருந்தை எனக்கு எதுக்கும்மா குடுக்கிறீங்க?" என்று கேட்டார். யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவுசெய்வது என்று சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. சீட்டுக் குலுக்கும் அந்தச் சொற்றொடரையே, ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பி, படிவத்தைத் திருத்த அனுமதி பெற்றோம்.

வினாத்தாள்களிலும் இதே கவனம் வேண்டும். முடக்குவாத (மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோய்) நோயாளியின் அன்றாட இயக்கத்தை அளக்கும் வினாத்தாளுக்கு 2002-இல் வெளியான இந்திய வடிவத்தில், சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது, ஆட்டோவில் ஏறி இறங்குவது, காய்கறிச் சந்தைக்குப் போய்வருவது ஆகியவை இருக்கின்றன. தாராவியில் வாழ்பவருக்கு இவை பொருந்தும். 'காலை விறைப்பு எவ்வளவு நேரம்?' என்று கேட்டால் விழிக்கும் திருநெல்வேலிப் பெண், 'காலையில கை மடக்க வர எவ்வளவு நேரம் ஆகுது?' என்றால் உடனே சொல்லிவிடுவார். குடைச்சல், கடுப்பு, பிடிப்பு ஆகிய மூன்றும் ஒன்றல்ல. மொழிபெயர்ப்பாளர் எதைத் தேர்ந்தார், ஏன் தேர்ந்தார் என்று குறித்து வையுங்கள்.

தினக்கூலிக்காரருக்குச் செவ்வாய்க்கிழமைக் காலை வருகை என்பது ஒரு நாள் சம்பளம். போக்குவரத்துச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்ய நெறிமுறைக் குழுவிடம் முன்னதாகவே அனுமதி பெற்று, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது திறந்து வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறைக்குப் பல குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும். அப்போது வரும் வருகைகளுக்கு நாள் இடைவெளியைத் தாராளமாக வைத்து, இரத்தப் பரிசோதனையைத் திருநெல்வேலி போன்ற அவர்களின் சொந்த ஊரிலேயே செய்துகொள்ள ஏற்பாடு செய்தால், பாதியில் விலகுவோர் பலரைத் தக்கவைக்கலாம்.

முதல் நபரைச் சேர்க்கும் முன்பே ஆய்வை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். எந்தப் பிரிவினரைத் தனியாக ஒப்பிடப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே எழுதிவிடுங்கள். எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை பேர் நடுவில் நின்றார்கள் என்பதைத் தாய்மொழிவாரியாக அட்டவணையிடுங்கள். முடிவு வந்ததும் இரண்டு பக்கத் தமிழில் அதை எழுதி, அச்சடிக்கும் முன் பங்கேற்பாளர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் எந்த வரியில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ அந்த வரியை மாற்றுங்கள்.