கோக்கனி கடிக்காத நாளில் படகை வளைத்து ஓட்டுங்கள்

அமெரிக்காவின் யூட்டா, வயோமிங் மாநிலங்களில் விரிந்து கிடக்கும் ஃபிளேமிங் கார்ஜ் நீர்த்தேக்கத்தில், கடலுக்குப் போகாமல் நன்னீரிலேயே வாழ்ந்து முடிக்கும் சாக்கை சால்மன் மீனான கோக்கனியைத் தேடித் தூண்டிலைப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும்போது, ஒரு மணி நேரம் கழிந்தும் கோல் அசையவில்லை என்றால், இரையை மாற்றும் முன் படகின் போக்கை மாற்றிப் பாருங்கள். பாம்பு நெளிவதைப் போல மெதுவாக வளைத்து ஓட்டினால், வளைவின் வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்துச் சற்றே மேலெழும்; உட்பக்கத் தூண்டில் தளர்ந்து தாழும். மீன் விரும்பும் வேகம் எது என்பதை அசைகிற கோலே காட்டிவிடும். வெளிப்பக்கக் கோல் அசைந்தால், மணிக்கு 2 கி.மீ. என்று ஓடிய படகைச் சிறிது விரைவுபடுத்துங்கள். உட்பக்கம் என்றால் குறையுங்கள்.

கோக்கனி ஏறத்தாழ 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையுள்ள நீரை நாடுவதால், கோடையில் டவுன்ரிகர் எனப்படும், வடத்தில் தொங்கும் எடையைக் கட்டித் தூண்டிலை ஆழத்துக்கு இறக்க வேண்டியிருக்கும். காலையில் மேல்நீரில் திரியும் ரெயின்போ டிரவுட் மீனுக்காக ஒரு தூண்டிலை எடையின்றி விட்டுவைக்கலாம். நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரினங்களைத் தின்று வளரும் கோக்கனிக்குக் கொக்கியில் ஒரு வெள்ளைச் சோளமணியைக் குத்தி விடுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனாலும் அங்குள்ளவர்கள் அது இல்லாமல் படகேறுவது அரிது.

மீன் சிக்கியதும் வெடுக்கென்று இழுக்காதீர்கள்; அதன் உதடு மெல்லிய தாள் போலக் கிழிந்துவிடும்.